கிளட்ச் கால்

ஜூன் 3, திங்கள்

டயர் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் பீரோவுக்கு மேலே சும்மா கிடந்தது. இன்று நான் இதைத் தட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் என் மனைவி ஒச்சம்மா, "ஆத்தாடி, எழுத்தாளரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் ஒரு நாளைக்குப் பேசுவது மொத்தமே இவ்வளவுதான்.

எழுதச் சொன்னது டாக்டரம்மா. இடது காலில் இரண்டாவது விரல் நுனி கறுத்து, அதில் ஒரு புண் வந்து, ஆறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. செருப்புக் கடி என்று நானே முடிவு கட்டி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். அதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்திருந்தேன். டாக்டரம்மாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டிரைவருங்க. பஸ்ஸு."

"சிகரெட்?"

"அது பாட்டுக்கு ஓடுதுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுனாலதான் காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிட்டு வருது. இன்னியோட நிறுத்துனா புண்ணு ஆற வாய்ப்பு இருக்கு. நிறுத்தலன்னா மொதல்ல விரல எடுக்கணும், அப்புறம் பாதத்த. கொறச்சுக்கிறேன்ற பேச்சே இதுல கெடையாது. ஒண்ணுகூட ஆகாது."

மற்றவர்களுக்குக் கொடுக்கிற நிக்கோட்டின் மிட்டாய்கூட என் காலுக்கு ஆகாதாம். நினைப்பு வரும்போது பேனாவை எடுத்து எழுதுங்கள், கூட இருக்கிற நாலு பேரிடம் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் உங்களுக்கு மருந்து என்றார்.

நாலு பேரிடம் சொல்வதா? தவசிக்குக் காலில் கோளாறு என்று பஸ் ஸ்டாண்டில் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். மறுநாள் என் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். இடது காலுக்குக் கிளட்ச் மிதிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்கும் அப்படித்தான்.

கூட வந்த ஒச்சம்மா டாக்டர் அறையில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கொல்லையில் தண்ணீர் வாளிக்குள் போட்டு அமுக்கினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

காலை முதல் டிரிப், தேனி டூ திருச்சி. சாவி போடும் முன் ஒன்று, வத்தலக்குண்டில் ஒன்று, திண்டுக்கல் ஸ்டாண்டில் நேரத்துக்காக நிற்கும்போது ஒன்று என்று பழகிய உடம்பு. இன்று எதுவும் இல்லாமல் பெரியகுளம் தாண்டுவதற்குள் மூன்று பேரைத் திட்டிவிட்டேன். அதில் ஒருவர் போலீஸ்காரர்.

கண்டக்டர் சோலைராஜ் என்னோடு பல வருடமாக இதே வண்டியில் இருக்கிறான். என் முதுகைப் பார்த்தே என் மனநிலையைச் சொல்லிவிடுவான்.

"என்னண்ணே, வீட்ல சண்டையா?"

"பேசாம டிக்கெட்டப் போடுறா."

"சண்டைன்னா ரெண்டு சேத்துல்ல குடிப்பீங்க. ஒண்ணக்கூடக் காணோமே?"

திண்டுக்கல்லில் அவனைத் தனியே கூப்பிட்டு விரலைக் காட்டினேன். பயல் கண் கலங்கிவிட்டான். கௌமாரியம்மன் மேல் சத்தியமாக யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றான்.

அய்யலூர் தாண்டி ராவுத்தர் ஹோட்டலில் டிபனுக்கு நிறுத்தினேன். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. வண்டியை எந்த ஹோட்டலில் நிறுத்துவது என்பது டிரைவர் பாடு. நிறுத்துகிற ஹோட்டல்காரர் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பின்னறையில் தனி இலை போட்டு நன்றாகக் கவனிப்பார். சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டில் ஒரு சிகரெட் பாக்கெட் வரும். குடிக்காதவன்கூட அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். இன்று நான் சோம்பை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டேன். சர்வர் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஜூன் 6, வியாழன்

சோலைராஜை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

காலைப் பற்றி அவன் சொல்லவில்லை. அதற்குப் பதில், டிரைவரண்ணன் வீரபாண்டி கௌமாரிக்கு வேண்டுதல் வைத்துச் சிகரெட்டை விட்டிருக்கிறார் என்று வண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறான். கேட்டால், "நாலு பேரு துணை வேணும்னு டாக்டர் சொன்னாங்கள்ல? நோயின்னா முதலாளிக்குப் போயிரும். சாமின்னா போகாது. சும்மா விட்டேன்னு சொன்னா ஆளாளுக்கு ஒண்ணே ஒண்ணுன்னு நீட்டுவாங்கண்ணே. வேண்டுதலுன்னா எவனும் நீட்ட மாட்டான்" என்கிறான். பயலுக்கு மூளை இருக்கத்தான் செய்கிறது.

பெரியகுளத்தில் ஏறுகிற பூக்காரி பொம்மியக்கா என் பக்கத்தில் வந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "தம்பி, நாந்தேன் பாத்துக்கிட்டே வருவேன். கை பாக்கெட்டுக்குப் போச்சுன்னு வையி, ஆத்தா சும்மா விடமாட்டா." பூச்சரம் ஒன்றைக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற அம்மன் படத்தில் மாட்டினார். ஒரு வண்டி ஜனமும் என்னைக் கவனித்துக்கொண்டே திண்டுக்கல் வரை வந்தது. மூக்கைச் சொறியக்கூட யோசனையாக இருந்தது.

ஜூன் 8, சனி

ராவுத்தர் பாயே பின்னறைக்கு வந்துவிட்டார். கல்லாவை விட்டு எழுந்து வருகிற ஆள் இல்லை. இலையில் நாட்டுக்கோழி. காலை டிபனுக்கு யாராவது நாட்டுக்கோழி வைப்பார்களா? சோம்புத் தட்டில் இரண்டு பாக்கெட்.

"வேணாம் பாய்" என்றேன்.

"ஏண்ணே, நம்ம சாப்பாட்டுல எதும் கொறையா?"

"கொறையெல்லாம் இல்ல பாய். விட்டுட்டேன்."

"விட்டீங்கன்னாலும் வாங்கிக்கிறலாம்ல. வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆகும்."

நான் சிரித்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு முழு பண்டல். பத்துப் பாக்கெட் கொண்டது, பளபளவென்று. சோலைராஜ் சமையல்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரோட்டுக்கு எதிரே புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். தவசி பாக்கெட்டைத் தொடாததற்குக் காரணம் அவன் வண்டியை எதிர்த்த ஹோட்டலுக்கு மாற்றப்போகிறான் என்று பாய் முடிவு செய்துவிட்டார். வேண்டுதல் கதையும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. "விரதம் இருக்குறவன் வாங்கி மத்தவனுக்குக் குடுப்பான். வாங்கவே மாட்டேன்னா உறவு வேணாம்னுதான அர்த்தம்" என்றாராம்.

நம்ம வண்டி ஒன்று மாறினால் பின்னாலேயே நாலு வண்டி மாறும். மனுஷன் தூங்கவில்லை போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. பண்டலை வாங்கிக்கொண்டேன். பாய் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

பண்டல் இப்போது என் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. பூட்டித்தான் வைத்திருக்கிறேன். சாவி என்னிடம்தான்.

ஜூன் 14, வெள்ளி

லீவு. ஒச்சம்மா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். தினமும் சாயங்காலம் இதே வேலை. எப்படி இருக்கு என்று கேட்டால், "அப்படியேதேன் இருக்கு" என்பாள்.

இன்று ரசத்தில் உப்பில்லை என்றேன். கரண்டியை நங்கென்று வைத்தாள். துவைத்த துணியை ஏன் உதறிப் போடவில்லை என்று அவள் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். ஒரு வாரமாக இப்படித்தான் இருவரும் முட்டிக்கொள்கிறோம். எனக்குக் காரணம் இருக்கிறது, இவளுக்கு என்ன வந்தது?

அவளுடைய வெற்றிலைப் பெட்டி கண்ணில் படவில்லை. கேட்டேன். "அதுல ஊசி நூலு போட்டு வச்சிருக்கேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து புகையிலை அடக்காமல் அவள் வாய் இருந்து நான் பார்த்ததில்லை. மதியம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். எழுந்து போய் டவுனில் அவளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து வைத்தேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

ஜூன் 19, புதன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. திண்டுக்கல்லில் டைமிங் தகராறு, நமக்கு முன்னால் எடுத்த வண்டிக்காரன் கெட்ட வார்த்தை பேசினான், விரல் வேறு விண்ணென்று தெறித்தது. அவ்வளவுதான். வழியெல்லாம் ஏலக்காய் மென்றேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையை நானே துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஏறி உட்கார்ந்ததுமே சோலைராஜ், "அண்ணே, அந்தப் பெட்டிச் சாவியக் குடுங்க" என்றான்.

"எதுக்கு?"

"சும்மா குடுங்கண்ணே."

கொடுத்தேன். அவன் பெட்டியைத் திறந்து பண்டலில் நான் பிரித்திருந்த பாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தான். நேற்று திருச்சி ஷெட்டில் வண்டிக்குப் பின்னால் நான் நின்றதை அவன் பார்த்திருக்கிறான். திட்டுவான் என்று பார்த்தேன். அவன் அழுதான். "வேற என்னன்னாலும் அடிச்சுக்கூடச் சொல்லுங்கண்ணே, நான் செய்றேன். இது வேணாம்ணே. ஒங்க கால வெட்டிட்டு வந்து நிறுத்துனாங்கன்னா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

ஆண்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று இரண்டு இழுப்புத்தான் இழுத்தேன், மூன்றாவதில் இருமல் வந்து கீழே போட்டு மிதித்தேன். அதை அவனிடம் சொன்னேன். நம்பினானா தெரியாது. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கட்டுப் போடும்போது ஒச்சம்மாவிடமும் சொன்னேன். "சட்டையத் தொவச்சப்பவே தெரியும்" என்றாள். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "நானும் ஒரு நா வாயில போட்டுத் துப்பிட்டேன்" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

இன்று பண்டலைக் கையில் எடுத்துக்கொண்டு பாயின் கல்லாவுக்கே போனேன். பாய் முகம் வெளிறிப்போயிற்று. எதிர்த்த ஹோட்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பின்னறைக்கு வாங்க பாய் என்று கூப்பிட்டுப்போய் நாற்காலியில் உட்கார்ந்து கால் கட்டை அவிழ்த்தேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரியும்.

பாய் குனிந்து விரலைப் பார்த்தார்.

"இது தெரியாம நான் பண்டல் பண்டலாக் குடுத்திருக்கேனேண்ணே. யா அல்லா."

"தெரியாமத்தான பாய்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? நான் இங்க எதிர்த்த கடைக்காரன நெனச்சு வயிறு எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"சொன்னா முதலாளிக்குப் போயிருமேன்னு பயந்தேன் பாய். சீட்டு போயிரும்."

"அதுவும் சரிதான்" என்று தாடியைத் தடவினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். முதலாளிக்கு அடுத்தவன் சொல்லித் தெரியக் கூடாதுண்ணே. நீங்களே போயிச் சொல்லிருங்க. முழு வண்டி ஜனத்த வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க."

அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. மலையிலிருந்து இறங்குகிற வண்டியா இது, நேர் ரோடுதானே என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது சர்வர் சோம்புத் தட்டில் பேரீச்சம்பழம் வைத்து நீட்டினான். பக்கத்து மேசையில் வேறு வண்டி டிரைவர் பற்றவைக்கப் போனார். பாய் கல்லாவிலிருந்தே, "அண்ணே, வெளிய" என்று ஒரு அதட்டல் போட்டார். தன் ஹோட்டலில் நிற்கிற டிரைவரை அவர் அதட்டி இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "ஏண்டா தவசி, எங்கிட்டக்கூட மறச்சியா" என்று மட்டும் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதுவரை தேனி ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டு வண்டி ஏற்றி விடும் வேலை. புண் ஆறி டாக்டர் சரி என்றால் வண்டி எனக்கு, இல்லையென்றால் இல்லை.

நியாயமான பேச்சுத்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

"திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி" என்று கத்துவதுதான் இப்போது என் பிழைப்பு. கை சும்மா இருப்பதுதான் பெரிய கொடுமை. ஸ்டியரிங் பிடித்த கை, சிகரெட் பிடித்த கை, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை போய்விட்டது. ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெட்டிக்கடை.

என் வண்டியை ஓட்ட ஆண்டிபட்டிக்காரன் ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது கியரை அவன் போடும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசுகிறது.

பொம்மியக்கா திருச்சியிலிருந்து திரும்புகிற வண்டியில் இன்று தேனி வரைக்கும் வந்துவிட்டார், என்னைப் பார்ப்பதற்காகவே. கால் விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது. வேண்டுதல் பொய்யா என்று கேட்பார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "நீ வேண்டலேன்னா என்ன, நான் அன்னிக்கே வேண்டிக்கிட்டேன்" என்று ஒரு கட்டு மல்லிகையைக் கையில் திணித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒச்சம்மாவிடம் கொடுத்தேன். இந்த வயசில எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வைத்துக்கொண்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

நினைப்பு வந்தது. எழுதிவிட்டேன். போய்விட்டது.

ஜூலை 17, புதன்

வத்தலக்குண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற டெய்சி டீச்சர் தினமும் ஏறும் முன் என் முன்னால் வந்து நிற்பார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுக்கிறவர். "ஊதுங்க" என்பார். நான் ஊத வேண்டும். "குட்" என்று சொல்லிவிட்டு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். ஸ்டாண்டே பார்த்துச் சிரிக்கும். முதல் நாள் எனக்கு மானம் போயிற்று. நேற்று டீச்சர் லீவு போலிருக்கிறது, வரவில்லை. வண்டி கிளம்பின பிறகும் அவர் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படியேறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லை. குழம்பு தாளிக்கிற வாசனை தெருமுனையிலேயே தெரிகிறது. ஒச்சம்மா குழம்பில் இத்தனை நாள் பெருங்காயம் போட்டுக்கொண்டுதான் இருந்தாளாம்.

சோலைராஜ் போன் செய்து ஆண்டிபட்டிக்காரனைப் பற்றிக் கோள் சொல்வான். பாதி பொய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கச் சுகமாக இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

கட்டுப் போடும்போது ஒச்சம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். எப்படி இருக்கு என்று கேட்டேன். வெளிச்சத்துக்குக் காலை இழுத்துப் பார்த்தாள். அப்படியே இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வாயால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு சோலைராஜும் வந்தான், லீவு போட்டுவிட்டு. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பாய் காலையிலேயே போன் செய்து, முடிவு தெரிந்ததும் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். கறுப்புத் தோல் உரிந்து கீழே இளஞ்சிவப்பாக இருந்தது. ஓரத்தில் அழுத்திப் பார்த்தார். எனக்கு வலித்தது. வலித்தது என்று சொன்னேன். "நல்லது, வலிக்கணும்" என்றார்.

"நடுவுல குடிச்சீங்களா?"

"ஒரு தரம். பாதி. அப்புறம் இல்லைங்க."

"யாரு பாத்துக்கிட்டாங்க?"

கண்டக்டர், பூக்காரி, டீச்சர், ஹோட்டல்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். ஒச்சம்மாவை நான் சொல்லவில்லை. அவளைக் கையால் காட்டினேன்.

விரல் தப்பித்தது, பாதமும் தப்பித்தது. இன்னும் ஒரு மாதம் மருந்து, அப்புறம் வண்டி எடுக்கலாம். அதை எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் ஆயுசுக்கும் ஒன்றுகூடக் கூடாது என்று விரலை ஆட்டினார்.

பிறகு பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். "மொத தடவ வந்தப்ப இங்க எனக்கு நாடியே கெடைக்கல. ஒங்ககிட்டச் சொன்னாப் பயந்துருவீங்கன்னு, நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப அம்மாகிட்ட மட்டும் தனியாச் சொன்னேன். இப்ப லேசாத் தெரியுது. அம்மா, இங்க வாங்க. தொட்டுப் பாருங்க."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளிலிருந்தே ஒச்சம்மா அதைத் தெரிந்துகொண்டு, தினமும் சாயங்காலம் கட்டுப் போட்டபோதெல்லாம் அந்த இடத்தைத் தொட்டுத் தேடியிருக்கிறாள்.

ஒச்சம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் முகம் மாறியது. "அடிக்குது" என்றாள். என்னைப் பார்த்து மறுபடியும், "அடிக்குதுங்க" என்றாள்.

வெளியில் பெரிய கூட்டம் காத்திருந்தது. அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒச்சம்மா விரலை எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை.